வரி பிடித்தால் சட்டப்படி சரியாகிவிடுமா?

“ஏனுங்க சார், கவர்மெண்டே வரி புடிச்சிருக்குதுங்களே, அப்ப இந்த ஆட்டம் சட்டப்படி சரியானதுதானுங்க?”

ஈரோட்டில் வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் தொழில். 2023-க்குப் பிறகு இந்தக் கேள்வி எனக்குப் பழகிப்போனது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல், ஆன்லைன் விளையாட்டில் ஜெயித்த பணத்துக்கு 194பிஏ என்ற பிரிவின் கீழ் 30 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க ஆரம்பித்தார்கள். ரிட்டர்ன் போட வருகிறவரின் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தால் சம்பளத்துக்குக் கீழே அந்த வரி நிற்கும். இது என்னங்க என்று கேட்டால் முகம் மாறும். பக்கத்தில் மனைவியோ அப்பாவோ இருந்தால் அவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பேச்சே தொடங்கும்.

அப்படி வந்த ஒரு தம்பி, பெருந்துறை சிப்காட்டில் சூப்பர்வைசர். என் மேஜையில் உட்கார்ந்து போனில் யுபிஐ ஹிஸ்டரியைத் திறந்து காட்டினார். சம்பளம் ஏறிய அன்றைக்கு ராத்திரி 1.12-க்கு 500 ரூபாய். 1.19-க்கு 500. 1.31-க்கு 1,000. 1.50-க்கு 3,000 வரவு. அந்த 3,000-மும் இரண்டேகால் மணிக்குள் ஆயிரம் ஆயிரமாகத் திரும்பப் போயிருந்தது. மாதத்தின் நடுவில் கணக்கு காலி. பிறகு ஒரு லோன் ஆப்பில் இருந்து பிராசஸிங் கட்டணம் போக மிச்சம் வரவு, அன்று ராத்திரியே மறுபடியும் 500, 500. நாலு ஆப்பில் ஆடியிருந்தார். ஒன்றில் ஆண்டு முழுவதும் சேர்த்து நிகரமாக 42,000 ஜெயித்திருந்தார். மற்ற மூன்றில் இரண்டு லட்சத்துக்கு மேல் போயிருந்தது.

வரிச் சட்டம் அந்த 42,000-க்கு 12,600 ரூபாய் கேட்கும், அதற்கு மேல் செஸ். தோற்ற இரண்டு லட்சத்தை அதில் கழிக்க முடியாது. மற்ற வருமானத்துக்கு இருக்கும் அடிப்படை விலக்கும் இதற்குக் கிடையாது. “தோத்த காசுக்குக் கணக்கே இல்லீங்களா?” என்று கேட்டார். இல்லைங்க தம்பி என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

வரி பிடித்ததால் ஆட்டம் சரிதானா என்று அவரும் கேட்ட கேள்விக்கான பதிலில் ஒரு பாதி சுலபம். பணம் நல்ல வழியில் வந்ததா என்று வருமான வரிச் சட்டம் கேட்பதில்லை. வந்ததா, எவ்வளவு, அவ்வளவுதான். சட்டவிரோத வருமானத்துக்கும் வரி உண்டு. ஆகவே ‘வரி கட்டினேன், அதனால் சரி’ என்ற நம்பிக்கைக்கு அடித்தளம் கிடையாது. இன்னொரு பாதிதான் கடினம். வரியை விடுவோம், இந்த ஆட்டம் சரியா தப்பா? ஆடுகிறவர் எந்த மண்ணில் நிற்கிறார் என்பதைப் பொறுத்து ஒரே ஆட்டம் ஒரு இடத்தில் வியாபாரம், இன்னொரு இடத்தில் குற்றம். வெளிநாடு வரை போக வேண்டாம். தெலங்கானாவில் 2017-லேயே தடை, ஆந்திராவில் 2020-ல் தடை, கர்நாடகத்தில் 2021-ல் போட்ட தடையை 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, நாகாலாந்திலோ லைசென்ஸ் கொடுத்தார்கள். நம் அரசியல் சாசனத்தில் பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் இருப்பதால் வந்த நிலைமை இது.

நம் நாட்டுக் கதையின் வேர் 1867-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டத்தில் இருக்கிறது. சூதாட்ட வீடு நடத்துகிறவருக்கு 200 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. அங்கே போய் ஆடுகிறவருக்கு 100 ரூபாய் வரை அல்லது ஒரு மாதம் வரை. சென்னை மாகாணத்துக்கு 1930-ல் தனிச் சட்டம் வந்தது. இந்தச் சட்டங்களை எழுதியவர்கள் மனதில் இருந்தது ஒரு கட்டடம்: நாலு சுவர், ஒரு கதவு, பாய், சீட்டு, உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆட்கள். கூடவே ஒரு விலக்கும் வைத்தார்கள். திறமையால் மட்டுமே ஆடும் ஆட்டங்களுக்குச் சட்டம் பொருந்தாது என்றார்கள். பின்னால் வந்த வழக்குகள் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான்.

1957-ல் சமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம், சூதாட்டம் என்பது தொழில் செய்யும் அடிப்படை உரிமைக்குள் வராது என்று சொன்னது. அதே நேரம், திறமைப் போட்டிகளுக்கு அந்த உரிமை உண்டு என்றும் சொன்னது. 1968-ல் சத்யநாராயணா வழக்கு. செகந்தராபாத்தில் ஒரு கிளப்பில் பணம் வைத்து ரம்மி ஆடியவர்களைப் போலீஸ் பிடித்த வழக்கு அது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டும், ஆகவே ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம், மூணு சீட்டு அப்படியல்ல என்று நீதிமன்றம் பிரித்தது. ஆன்லைன் ரம்மி கம்பெனிகள் ஒவ்வொரு வழக்கிலும் நீட்டியது இந்தத் தீர்ப்பைத்தான்.

அந்தத் தீர்ப்பை முழுசாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். ஏனென்றால் அதிலேயே இன்னொரு பகுதியும் இருக்கிறது. பணம் வைத்து ஆடும் ஆட்டத்தில் இருந்து கிளப்போ இடத்தின் உரிமையாளரோ லாபம் பார்க்கிறார் என்று நிரூபணமானால் அது குற்றமாகலாம் என்று அதே நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு கைக்கும் கமிஷன் எடுப்பதுதான் ரம்மி ஆப்பின் பிழைப்பே. ஆட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்பதில் அரை நூற்றாண்டு வாதாடிய நாம், நடத்துகிறவர் அதில் இருந்து என்ன எடுக்கிறார் என்ற கேள்வியைக் கீழே போட்டுவிட்டோம். எங்கள் பக்கத்து மனமகிழ் மன்றங்களில் ஆட்டம் நடக்கும்போது எதிரில் ஆள் இருப்பார், விளக்கு அணையும், வீட்டில் இருந்து ஆள் தேடி வரும். ஆப்பில் அது எதுவும் கிடையாது. நீங்கள் இரண்டு நாள் ஆடாமல் இருந்தால் அது போனஸ் கொடுத்துக் கூப்பிடும். கிளப்பில் நாலு பேர் ஆடியதற்குச் சொன்ன தீர்ப்பு, கோடிக்கணக்கான போன்களுக்கு அப்படியே பொருந்தும் என்று வைத்துக்கொண்டதுதான் நாம் வழுக்கிய இடம் என்பது என் உறுதியான கருத்து.

தமிழ்நாடு இதில் பட்ட பாடு தனி. 2003-ல் லாட்டரிக்குத் தடை போட்ட மாநிலம் இது. 2020 நவம்பரில் எடப்பாடி பழனிசாமி அரசு ஆன்லைன் ரம்மிக்கு எதிராக அவசரச் சட்டம் கொண்டுவந்தது, 2021 தொடக்கத்தில் அது சட்டமானது, ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆட்சி மாறியது. 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு, அக்டோபரில் மறுபடி அவசரச் சட்டம், பிறகு மசோதா. ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்ப, அதே மாதம் சட்டமன்றம் இரண்டாவது முறை நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டது, ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அந்தத் தடை அவற்றுக்குப் பொருந்தாது என்று விலக்கிவிட்டது. இவ்வளவு அலைந்து திரும்பவும் 1968-க்கே வந்து நின்றோம்.

ஆனால் அந்தச் சட்டத்தில் உருவான தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் ஒரு காரியம் செய்தது. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக் கூடாது, ஆதார் வைத்து ஆளைச் சரிபார்க்க வேண்டும் என்று விதி போட்டது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. ஜூனில் உயர் நீதிமன்றம் விதிகளை நிலைநிறுத்தியது. எனக்கு இந்த விதி மேல் பெரிய மரியாதை உண்டு. ஆட்டத்துக்குப் பெயர் வைக்கும் வேலையை விட்டுவிட்டு, ஆடுகிறவன் எந்த நேரத்தில் விழுகிறான் என்று பார்த்து எழுதிய விதி அது. மேலே சொன்ன தம்பியின் ஹிஸ்டரியில் 1.12, 1.19, 1.31 என்று நின்ற அத்தனை பதிவுகளும் அந்த ஐந்து மணி நேரத்துக்குள்தான் வருகின்றன.

பிறகு 2025 ஆகஸ்ட். 20-ஆம் தேதி மக்களவை, 21-ஆம் தேதி மாநிலங்களவை, 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். ஆன்லைன் விளையாட்டுகள் ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம். திறமையோ, அதிர்ஷ்டமோ, இரண்டும் கலந்ததோ, ஆன்லைனில் பணம் வைத்து ஆடுவதாக இருந்தால் நடத்தக் கூடாது. நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டு ஆண்டு வரை, 50 லட்சம் வரை. பணத்தை வாங்கிக் கடத்திக் கொடுக்கும் வங்கிக்கும் பேமெண்ட் நிறுவனத்துக்கும் நடத்துகிறவருக்கு உள்ள அதே தண்டனை. ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. ஆண்டுக்கு 45 கோடிப் பேர் ஏறத்தாழ 20,000 கோடி ரூபாயை இதில் இழக்கிறார்கள் என்று அரசு தன் மதிப்பீட்டைச் சொன்னது. ட்ரீம்11 பண ஆட்டத்தை நிறுத்தியது, இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் இருந்து அதன் பெயரும் போனது. கம்பெனிகள் பல உயர் நீதிமன்றங்களில் போட்ட வழக்குகளை செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் எடுத்துக்கொண்டது.

இதில் ஒரு விஷயம் உறுத்துகிறது. 2023 அக்டோபர் முதல் ஆடுகிறவர் போடும் முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி, மேலே 30 சதவீத டிடிஎஸ் என்று அந்தப் பணத்தில் அரசும் பங்கு வாங்கிக்கொண்டுதான் இருந்தது. “கவர்மெண்டே வரி புடிச்சிருக்குதுங்களே” என்ற பேச்சு ஆகாசத்தில் இருந்து வரவில்லை. வரி வாங்கிய காலத்தில், அந்த வரியில் ஒரு பங்கையாவது மீட்பு மையங்களுக்கும் கடன் ஆலோசனைக்கும் என்று ஒதுக்கியிருக்க வேண்டும்.

இனி வெளிநாட்டுக்கு வருகிறேன். ‘சட்டப்படி சரியா’ என்ற கேள்வி எவ்வளவு சிக்கலானது என்று எனக்குப் புரியவைத்தது ஆன்டிகுவாவின் கதை. கரீபியன் கடலில் சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் தீவு நாடு அது. 1994-லேயே வெளிநாட்டுக் கம்பெனிகள் அங்கிருந்து இணையச் சூதாட்டம் நடத்த அனுமதிக்கும் சட்டம் போட்டது. ஜே கோஹன் என்ற அமெரிக்கர் அங்கே போய் வேர்ல்ட் ஸ்போர்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற பந்தயத் தளம் தொடங்கினார். ஆன்டிகுவாவில் அது லைசென்ஸ் பெற்ற தொழில். அமெரிக்காவிலோ, மாநிலம் விட்டு மாநிலம் தந்தி, தொலைபேசி வழியே பந்தயம் எடுப்பதைத் தடுக்கும் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. கோஹன் தானாகவே நாடு திரும்பி வழக்கைச் சந்தித்தார். 2000-ல் குற்றவாளி என்று தீர்ப்பாகி 21 மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

அதன் பிறகு ஆன்டிகுவா 2003-ல் அமெரிக்கா மேல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. சேவைத் துறையைத் திறந்துவிடுவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எங்கள் தொழிலை எப்படித் தடுக்கலாம் என்பது கேள்வி. பொது ஒழுக்கத்தைக் காக்கத்தான் தடை என்றது அமெரிக்கா. அப்படித் தடுக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு என்பதை மேல்முறையீட்டு அமைப்பு ஒத்துக்கொண்டது. ஆனால் உள்நாட்டுக் குதிரைப் பந்தயத்துக்கு மட்டும் மாநில எல்லை தாண்டி போனிலும் இணையத்திலும் பணம் கட்ட விட்டிருக்கிறீர்களே, அது எப்படி என்று கேட்டது. அதற்கு அமெரிக்காவால் பதில் சொல்ல முடியவில்லை. தோற்றது. ஆண்டுக்கு 344 கோடி டாலர் இழப்பு என்று ஆன்டிகுவா கேட்க, 2007 டிசம்பரில் 2.1 கோடி டாலர் என்று முடிவானது. அதுவும் பணமாக இல்லை, அந்த அளவுக்கு அமெரிக்காவின் காப்புரிமைகளை மதிக்காமல் இருக்கலாம் என்ற அனுமதி. ஜெயித்த நாட்டுக்கு ஆண்டுகள் பல கழிந்தும் நியாயம் கைக்கு எட்டவில்லை. நம் ஊர் வாதங்களில் ‘ரேஸுக்கு மட்டும் விலக்கா’ என்று யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்கு ஞாபகம் வரும். குதிரைப் பந்தயம் திறமை ஆட்டம் என்று 1996-ல் லட்சுமணன் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அதுவும் சென்னை ரேஸ் கிளப்பைப் பற்றிய வழக்குதான்.

அமெரிக்கா அதோடு நிற்கவில்லை. ஆட்டத்தை விட்டுவிட்டுப் பணத்தைப் பிடித்தது. 2006 அக்டோபர் 13-ஆம் தேதி அதிபர் புஷ் கையெழுத்திட்ட துறைமுகப் பாதுகாப்புச் சட்டத்தின் வாலில், சட்டவிரோத இணையச் சூதாட்டத்துக்கு வங்கிகளும் கார்டு நிறுவனங்களும் பணம் கடத்தக் கூடாது என்ற பகுதியைச் சேர்த்திருந்தார்கள். ஜிப்ரால்டரில் இருந்து நடந்த பார்ட்டிகேமிங் என்ற ஆன்லைன் போக்கர் கம்பெனி அப்போது லண்டன் பங்குச் சந்தையில் முறைப்படி பட்டியலான நிறுவனம். அதன் பங்கு விலை ஒரே நாளில் பாதிக்கு மேல் சரிந்தது. அதை நிறுவியவர்களில் ஒருவரான அனுராக் தீட்சித், டெல்லி ஐஐடியில் படித்தவர், 2008-ல் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 30 கோடி டாலர் கட்ட இசைந்தார். லண்டனில் பங்கு வாங்கி விற்கக்கூடிய தொழில், நியூயார்க்கில் ஒப்புக்கொள்ள வேண்டிய குற்றம். 2011 ஏப்ரல் 15-ஆம் தேதி போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சல்யூட் போக்கர் தளங்கள் மேல் வழக்குப் பாய்ந்தது. பிறகு 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விளையாட்டுப் பந்தயத்தைத் தடுத்த 1992-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தை ரத்து செய்ய, மாநிலத்துக்கு மாநிலம் கதவு திறந்துகொண்டது. யூட்டாவும் ஹவாயியும் மட்டும் எந்தச் சூதாட்டத்தையும் உள்ளே விடாமல் நிற்கின்றன.

‘லைசென்ஸ் பெற்ற நிறுவனம்’ என்று ஒரு தளத்தின் அடியில் எழுதியிருந்தால் அது எந்த ஊர் லைசென்ஸ் என்று பாருங்கள். குராசோ என்று இருக்கும். நெதர்லாந்து முடியாட்சியைச் சேர்ந்த கரீபியன் தீவு அது. அங்கே நெடுங்காலம் நாலு நிறுவனங்களிடம் மட்டும் தலைமை லைசென்ஸ் இருந்தது. அவை கீழே யாருக்கும் துணை லைசென்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தன. 2024 டிசம்பரில்தான் அந்த முறையை மாற்றிப் புதுச் சட்டம் வந்தது. கனடாவில் மான்ட்ரியல் பக்கத்தில் மோஹாக் பழங்குடியினரின் கானவாகே பகுதிக்கு 1996 முதல் சொந்த ஆணையம் உண்டு. மால்டாவோ இன்னும் ஒரு படி மேலே போனது. ஆஸ்திரியா, ஜெர்மனி நீதிமன்றங்கள், எங்கள் நாட்டு லைசென்ஸ் இல்லாமல் நடத்திய ஆட்டத்தில் தோற்றவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடு என்று மால்டா கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டன. அந்தத் தீர்ப்புகளை எங்கள் மண்ணில் நிறைவேற்ற மாட்டோம் என்று 2023-ல் மால்டா நாடாளுமன்றம் சட்டமே போட்டுவிட்டது. பக்கத்து நாட்டுக்காரருக்கே அந்தக் கதி என்றால், சத்தியமங்கலத்தில் இருந்து பணம் கட்டி ஏமாந்தவர் எங்கே போய் நிற்பார்? நம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தமே செல்லாது. ஜெயித்த பணத்தைத் தரவில்லை என்று இங்கேயும் வழக்குப் போட முடியாது.

பிரிட்டன் வேறு பாதை. 2005-ல் சட்டம், 2007 செப்டம்பரில் நடைமுறை, கேம்ப்ளிங் கமிஷன், லைசென்ஸ், டிவி விளம்பரம் என்று வாசலை அகலத் திறந்தார்கள். எந்த நாட்டில் இருந்து நடத்தினாலும் பிரிட்டிஷ்காரர் ஆடினால் எங்களிடம் லைசென்ஸ் வாங்கு என்று 2014-ல் திருத்தினார்கள். அது நல்ல திருத்தம். பிறகு வந்ததெல்லாம் திறந்த வாசலைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடும் வேலை. 2020 ஏப்ரலில் கிரெடிட் கார்டில் ஆடத் தடை. கேம்ஸ்டாப் என்ற பதிவேட்டில் ஒருவர் தன் பெயரைக் கொடுத்தால் லைசென்ஸ் பெற்ற எந்தத் தளமும் அவரைச் சேர்க்கக் கூடாது. 2025-ல் ஆன்லைன் ஸ்லாட்டில் ஒரு சுற்றுக்கு 5 பவுண்டுக்கு மேல் வைக்கக் கூடாது, 25 வயதுக்குக் கீழே என்றால் 2 பவுண்டு. பிரீமியர் லீக் கால்பந்து கிளப்புகள் 2026-27 சீசன் முதல் சட்டையின் முன்பக்கத்தில் சூதாட்டக் கம்பெனிப் பெயர் போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டன. கடன் வாங்கி ஆடுவதைத் தடுத்ததுதான் இதில் முதலிடம் பெற வேண்டியது. கையில் இருக்கும் காசு போவது ஒரு துன்பம். இல்லாத காசு போவது குடும்பத்தையே சாய்த்துவிடும். ஆஸ்திரேலியாவும் 2024 ஜூனில் அதே தடையைப் போட்டது.

பிரேசில் திறந்துவிட்ட பிறகு பயந்த நாடு. பந்தயத் தளங்களுக்கு 2018-லேயே சட்டம், ஆனால் முறையான லைசென்ஸ் ஏற்பாடு 2025 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. நடுவில் ஆறு ஆண்டு கேட்பாரற்ற காலம். 2024 ஆகஸ்ட் ஒரே மாதத்தில், போல்சா ஃபமீலியா என்ற ஏழைக் குடும்ப உதவித்தொகை பெறுகிறவர்களில் 50 லட்சம் பேர், நம் யுபிஐ போன்ற பிக்ஸ் வழியாக 300 கோடி ரெயால் இந்தத் தளங்களுக்கு அனுப்பியிருந்தார்கள் என்று அந்நாட்டு மத்திய வங்கியே கணக்குச் சொன்னது. குழந்தைகள் சாப்பாட்டுக்கு அரசு கொடுத்த பணம் அது. அந்த எண்ணைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

கிழக்கே நடந்தது நம் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்த கதை. சீனாவில் சூதாட்டத் தொழில் குற்றம். சீனர்களைக் குறிவைத்து நடத்த பிலிப்பைன்ஸ் 2016 முதல் வெளிநாட்டுத் தளங்களுக்கு லைசென்ஸ் கொடுத்தது. கம்போடியாவின் சிஹானுக்வில் நகரம் அந்தத் தொழிலால் கட்டடக் காடானது. 2019 ஆகஸ்டில் கம்போடியா ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடை அறிவித்தது. ஆட்கள் போனார்கள், கட்டடங்கள் நின்றன. கொரோனாவுக்குப் பிறகு அதே மாதிரிக் கட்டடங்களில் ஆன்லைன் மோசடித் தொழில் குடியேறியது, மியான்மர் எல்லையில் மியாவாடியிலும் அப்படித்தான். தாய்லாந்தில் ஐடி வேலை, நல்ல சம்பளம் என்று ஏஜெண்டுகள் அழைத்துப்போன தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 2022-ல் அங்கே அடைபட்டுக் கிடந்து, அரசு தலையிட்டு மீட்டு வந்தது நமக்கு நினைவிருக்கும். பிலிப்பைன்ஸில் 2024 மார்ச்சில் பம்பன் என்ற ஊரில் நடந்த சோதனையிலும் ஆட்களை அடைத்து வைத்து மோசடி வேலை வாங்கியது வெளிவந்தது. ஜூலையில் அதிபர் மார்கோஸ் அந்த லைசென்ஸ் முறையையே ஒழிப்பதாக அறிவித்தார். ஒரு நாடு கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிட்டதன் விலையை, அந்த ஆட்டத்தை ஒரு நாளும் ஆடாத பிள்ளைகளும் கொடுத்தார்கள்.

இவற்றையெல்லாம் படித்த பிறகு என் பார்வை ஒரு இடத்தில் நிலைத்தது. சட்டம் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் வக்கீல்கள் வாழ்வார்கள். இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தொழில் அடுத்த தீவுக்குப் போகும். பணம் போகும் வழியைப் பிடித்தால் ஓரளவு நிற்கும். நம் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வங்கியையும் பேமெண்ட் நிறுவனத்தையும் பிடித்திருப்பதால் நான் அதை ஆதரிக்கிறேன். ஆடுகிறவரைக் குற்றவாளியாக்காமல் விட்டதையும் ஆதரிக்கிறேன். மாட்டிக்கொள்வோம் என்ற பயம் இருந்தால் அவர் யாரிடமும் வாய் திறக்க மாட்டார்.

ஆனால் தடை வந்த பிறகு நான் பார்ப்பது வேறு. பெரிய ஆப்கள் போனதும் ‘ஐடி’ வந்துவிட்டது. வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஒரு நம்பர். பணம் அனுப்பினால் வெளிநாட்டுத் தளத்துக்கு ஒரு ஐடி, பாஸ்வேர்டு. பணம் போகும் கணக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயரில் இருக்கும். இங்கே டிடிஎஸ் இல்லை, வயது கேட்பதில்லை, நள்ளிரவுத் தடை இல்லை. அந்தக் கணக்குகள் யாருடையவை என்பதற்கும் ஒரு சாட்சி என் ஆபீசுக்கு வந்தது. காலேஜ் படிக்கும் பையன், மாதம் சில ஆயிரத்துக்குத் தன் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் ஒரு ‘அண்ணனிடம்’ கொடுத்திருந்தான். வேறு மாநில சைபர் கிரைம் போலீஸ் கணக்கை முடக்கிய பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. ஸ்டேட்மெண்ட் எடுத்துப் பார்த்தால் மூன்று மாதத்தில் பல லட்சம் வந்து போயிருக்கிறது, நூற்றுக்கணக்கான பேரிடம் இருந்து 500, 1,000, 2,000. அத்தனையும் அவனுடைய பான் நம்பரில். அவனுடைய அப்பா தறி ஓட்டுகிறவர். அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கியவர் படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சிங்கப்பூரைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. அந்த நாட்டுச் சட்டம் கடுமையானது. 2014-ல் முதல் சட்டம், 2022-ல் புதுச் சட்டம். சிங்கப்பூர் பூல்ஸ் என்ற அமைப்பைத் தவிர வேறு இடத்தில் ஆன்லைனில் ஆடினால் ஆடுகிறவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. ஆடுகிறவரைச் சிறைக்கு அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அங்கே ஒரு ஏற்பாடு இருக்கிறது. குடும்பத்தில் ஒருவர் சூதாட்டத்தில் சிக்கி வீடு பாதிக்கப்பட்டால், மனைவியோ பெற்றோரோ பிள்ளையோ சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்திடம் மனுக் கொடுக்கலாம். குழு விசாரித்து, அவர் கேசினோவுக்குள் போகவும் ஆன்லைன் பந்தயக் கணக்கு வைக்கவும் தடை உத்தரவு போடும். பாதிக்கப்படுவது வீடு என்பதால் மனுக் கொடுக்கும் உரிமையும் வீட்டுக்கு.

நம் ஊரில் அப்படி ஒரு மனுவை எந்த ஆபீஸில் கொடுப்பது? என்னிடம் வருகிற மனைவிமார் கேட்பது, “சார், அவரு அக்கவுண்ட்ல இருந்து இதுக்குப் பணம் போகாத மாதிரி பேங்க்ல சொல்லி நிறுத்த முடியுங்களா?” என்றுதான். பிரிட்டனில் பல வங்கிகள் தங்கள் ஆப்பிலேயே சூதாட்டப் பணத்தை நிறுத்தும் பட்டன் வைத்திருக்கின்றன. இங்கேயும் வாடிக்கையாளர் தானே தன் யுபிஐக்கு நாள் வரம்பைக் குறைத்துக்கொள்ள முடிகிற வங்கிகள் உண்டு. ஆடுகிறவரின் சம்மதம் இருந்தால் அவர் முன்னாலேயே உட்கார்ந்து வரம்பை 500 ரூபாய்க்குக் குறைத்து, சம்பளம் ஏறும் கணக்கில் இருந்து யுபிஐயை எடுத்துவிட்டு, வீட்டுச் செலவுக்கு மனைவி பெயரில் வேறு கணக்குக்கு மாற்ற எழுதிக் கொடுக்கிறேன். மனநல உதவிக்கான 14416 டெலிமானஸ் நம்பரையும், 104 மருத்துவ உதவி நம்பரையும் அந்தத் தாளின் மேலேயே எழுதிவிடுகிறேன். கணக்கு வாடகைக்குக் கொடுத்துச் சிக்கிய பிள்ளைகள் என்றால் முதல் வேலை வக்கீல், அடுத்துதான் நான்.

தமிழ்நாடு ஆணையத்துக்குத் தலைவர் இருக்கிறார், உறுப்பினர்கள் இருக்கிறார்கள், விதி எழுதிப் பழக்கமும் இருக்கிறது. குடும்பம் மனுக் கொடுக்கும் ஒரு படிவம், அதைப் பெற மாவட்டத்துக்கு ஒரு அலுவலர், உத்தரவு வந்தால் வங்கிகள் அந்தக் கணக்கில் இருந்து சந்தேகத்துக்குரிய பணப்போக்கை நிறுத்தி வைக்க ஒரு வழி. ரிசர்வ் வங்கியின் சம்மதம் இல்லாமல் கடைசியாகச் சொன்னது நடக்காது என்பது தெரியும். முதல் இரண்டுக்கும் மாநிலமே போதும். இந்தக் கோரிக்கையை மனுவாக எழுதி, எங்கள் வரி ஆலோசகர்கள் சங்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஸ்டேட்மெண்ட் பார்க்கும் தொழிலில் இருக்கிற யாரும், எந்த ஊராக இருந்தாலும், சேர்ந்துகொள்ளலாம்.